உறக்கம் தந்த வேர்

பசியையும் உறக்கத்தையும் இயற்கை மனிதனுக்கு ஒருங்கே அளித்தது. ஆயினும் இரண்டிற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பசித்தவன் முயன்று தேடினால் உணவு கிட்டும். உறக்கமற்றவன் தேடத் தேட, உறக்கம் எட்டிப் போகும். ஆகவேதான் அதை ஒரு பண்டமாக வாங்கிவிட முடியாதா என்ற ஏக்கம் மக்களுக்கு என்றும் இருந்து வந்திருக்கிறது. நம் வீடுகளில் கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தார்கள். ஜாதிக்காயை உரைத்துக் கொடுத்தார்கள். இன்று நகரத்து மருந்துக் கடையில் அழகிய புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. வைத்தியரின் சீட்டு வேண்டாம். பணம் இருந்தால் போதும். அவற்றுள் பலவற்றின் மேல் 'இயற்கையானது' என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கும்.

அந்த ஒரு சொல்லுக்கு வாங்குவோர் மனத்தில் மிகுந்த வலிமை உண்டு. இயற்கையில் விளைந்தது என்றால் தீங்கு செய்யாது. ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்றால் அஞ்சத்தக்கது என்று நாம் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் உண்மை என்பதை வாதத்தால் அறிவதைவிடச் சரித்திரத்தால் அறிவது நலம். அதற்கு அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. பீகாரின் குடிசைகளில் தொடங்கி, டில்லி, கல்கத்தா, பம்பாய் ஆகிய நகரங்களின் வழியே உலகைச் சுற்றி வந்த ஒரு வேரின் கதையைச் சொன்னால் போதும். பிழைப்பின் பொருட்டு இந்நகரங்களில் வாழும் தமிழர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் தெருக்களுக்கு அருகிலேயே அக்கதை நிகழ்ந்தது.

அந்த வேருக்கு வடமொழியில் சர்ப்பகந்தா என்று பெயர். தமிழில் சர்ப்பகந்தி என்பர். முழங்கால் உயரமோ இடுப்பளவோ வளரும் ஒரு சிறு செடி. கணுவுக்கு மூன்று நான்கு இலைகள் வட்டமாக நிற்கும். வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள் கொத்தாகப் பூக்கும். இமயத்தின் அடிவாரம், பீகார், வங்காளம், அஸ்ஸாம், மேற்கு மலைத்தொடர் ஆகிய இடங்களின் ஈரமான காட்டு நிழலில் அது வளரும். வேர் பாம்பைப் போல வளைந்திருக்கும், வாயிலிட்டால் கசக்கும். தாவர நூலார் இட்ட பெயர் ராவுல்ஃபியா செர்பென்டினா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லியோனார்டு ராவுல்ஃப் என்பவர் பதினாறாம் நூற்றாண்டில் கீழை நாடுகளில் மூலிகை தேடிப் பயணம் செய்த ஒரு ஜெர்மானிய வைத்தியர்; இந்தியாவுக்கு அவர் வந்ததில்லை. அவருடைய நினைவாகப் பிரெஞ்சுத் தாவர நூலார் பிளூமியே 1703-இல் அமெரிக்கச் செடி ஒன்றிற்கு அப்பெயரை இட்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்ற முறையில் நம் செடியும் பின்னர் அப்பெயரைப் பெற்றது.

மக்கள் இட்ட பெயர்கள் இதைவிடப் பொருள் பொதிந்தவை. வங்காளியர் இதனைச் 'சந்திரா' என்றனர். இந்தியில் 'சோட்டா சாந்த்'. சந்திரனுக்கும் சித்தப் பிரமைக்கும் தொடர்பு உண்டு என்று பல நாட்டு மக்களும் எண்ணியிருந்தனர். பீகாரில் இதற்கு இன்னும் வெளிப்படையான பெயர் வழங்கியது: 'பாகல் கீ தவா', அதாவது பித்தருக்கு மருந்து. பாம்புக் கடிக்கும், காய்ச்சலுக்கும், வயிற்றுப் போக்குக்கும் இதனைக் கொடுத்தார்கள். கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் வெளியிட்ட நூலிலேயே பாம்பு நஞ்சுக்கு எதிரான இத்தகைய வேரைப் பற்றிய செய்தி உண்டு. பாம்புக் கடிக்கு இது மருந்தன்று என்பதே இன்றைய முடிவு. ஆனால் சித்தத்தையும் உறக்கத்தையும் பற்றி மக்கள் சொன்னதில் உண்மை இருந்தது.

பீகாரின் ஏழை மக்களிடையே வழங்கிய ஒரு பழக்கத்தைப் பின்னாளைய ஆராய்ச்சியாளர்கள் குறித்து வைத்திருக்கின்றனர். அழும் குழந்தைகளை உறங்கச் செய்ய இந்த வேரைக் கொடுத்தார்கள் என்பதே அது. வயல் வேலைக்குப் போக வேண்டிய தாய்க்கு அது பேருதவியாக இருந்திருக்கும். அவள் அறிவு தவறானதன்று, குழந்தை உறங்கியது. ஆயினும், உறங்கியது என்பதற்கு மேல் அவளுக்கு வேறெதுவும் தெரிய வழியில்லை. அந்த உறக்கத்தின்போது இரத்தத்தின் அழுத்தம் என்ன ஆயிற்று, இதயம் எவ்வளவு மெதுவாக அடித்தது, எந்த அளவு போதும், எந்த அளவு மிகுதி என்னும் வினாக்களுக்கு விடை அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. நாட்டு மருத்துவம் பாதி அறிவைக் காத்துத் தந்தது. மறு பாதியைத் தேடியவர்களின் வரலாறே இனி வருவது.

தேடல் டில்லியில் தொடங்கியது எனலாம். கரோல் பாகில் ஆயுர்வேத, யூனானித் திப்பியாக் கல்லூரி என்ற பழைய கட்டடம் உண்டு. அவ்வட்டாரத்தில் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் அதன் வாயிலை எத்தனையோ முறை கடந்திருப்பர். அதனை நிறுவியவர் ஹக்கீம் அஜ்மல் கான். டில்லியின் புகழ்பெற்ற யூனானி வைத்திய மரபில் வந்தவர். 1921-இல் ஆமதாபாத் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர். அக்கல்லூரியை 1921 பிப்ரவரியில் காந்தியடிகள் திறந்து வைத்தார். தம் முன்னோர் மருத்துவத்தில் அசையாத பற்றுடையவராயினும், அது நவீன ஆராய்ச்சியின் சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று அஜ்மல் கான் கருதினார். ஜெர்மனியில் இரசாயனம் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இளைஞரை அழைத்து, கல்லூரியோடு சேர்ந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தை அமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அதன் பயனைக் காண அவர் இருக்கவில்லை. 1927 டிசம்பரில் காலமானார்.

சித்திக்கியும், உடன் உழைத்த ரஃபாத் சித்திக்கியும் 1931-இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அவற்றுள் முதன்மையானதற்கு, மறைந்த ஹக்கீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். அஜ்மலின் உறக்கம் தரும் பொருளன்று. இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையை அடக்கவும் ஆராயவும் அது பின்னாளில் பயன்பட்டது. உறக்கத்திற்கென மக்கள் கொடுத்த ஒரே வேருக்குள், இதயத்தைத் தொடும் மற்றொரு பொருளும் மறைந்திருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வேர் என்பது ஒரு மருந்தன்று. பல மருந்துகள் அடங்கிய ஒரு மூட்டை. மூட்டையை அவிழ்க்காமல் விழுங்குபவன் அதில் உள்ள அனைத்தையும் விழுங்குகிறான்.

அதே 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. மகாமகோபாத்தியாயர் கணநாத சேன் ஆயுர்வேதத்திலும் ஆங்கில வைத்தியத்திலும் ஒருசேரத் தேர்ந்த கவிராஜர். அவரும் கார்த்திக் சந்திர போஸும் சேர்ந்து, சித்தப் பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய புதிய இந்திய மருந்து என்று சர்ப்பகந்தியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். வேரின் பொடி நோயாளிக்கு உறக்கத்தைத் தருகிறது, ஆவேசத்தைத் தணிக்கிறது, அதனோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று அவர்கள் அறிவித்தனர். பீகார்த் தாய்க்குத் தெரியாமல் இருந்த மறு பாதியின் முதல் வரி இது. உறங்கச் செய்யும் பொருள் வேறொன்றையும் உடன் செய்கிறது என்பது அங்கே ஏட்டில் ஏறியது.

இரண்டாண்டுகள் கழித்து, 1933-இல், கல்கத்தா வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் கர்னல் இராம்நாத் சோப்ராவும் அவருடைய குழுவினரும் விலங்குகளிடம் சோதித்து, இரத்த அழுத்தம் தாழ்வதையும் அமைதி உண்டாவதையும் உறுதி செய்தனர். சோப்ராவை இந்திய மருந்தியலின் தந்தை என்பர். இந்திய அரசாங்கம் 1930-இல் அமைத்த மருந்து விசாரணைக் குழுவிற்குத் தலைவராக இருந்தவரும் அவரே. கலப்படமும் பொய்ச்சீட்டும் மலிந்திருந்த அந்நாளைய மருந்துக் கடைகளை அக்குழு ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளின் விளைவாகவே 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் பிறந்தது. வேரைச் சோதித்த அதே மனிதர் விற்பனையையும் சோதிக்க வேண்டும் என்று சொன்னது தற்செயலன்று. இரண்டும் ஒரே நேர்மையின் இரு முகங்கள்.

இதற்கிடையே கடைகள் காத்திருக்கவில்லை. டேராடூனில் தொடங்கப்பட்ட ஹிமாலயா நிறுவனம் 1934-இல் 'செர்பினா' என்ற பெயரில் இந்த வேரை மாத்திரையாக்கி விற்கத் தொடங்கியது. பர்மாவில் மதங்கொண்ட யானைகளைச் சாந்தப்படுத்த ஒரு வேரைக் கொடுப்பதைக் கண்ட நிறுவனர் அதிலிருந்து இவ்வெண்ணம் பெற்றார் என்று அந்நிறுவனத்தார் தம் வரலாற்றில் கூறுவர். ஆக, கானகத்து வேர் புட்டிக்குள் புகுந்தது. நாட்டு மருந்தின் மேல் மக்களுக்கு இருந்த பற்றும், நகர வாழ்வின் படபடப்பும் சேர்ந்து அதற்கு இடம் தந்தன.

மூன்றாவது நகரம் பம்பாய். கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் இதய நோய் வல்லுநர். தம்மிடம் வந்த இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தியைக் கொடுத்து, நாள் தவறாமல் அழுத்தத்தை அளந்து குறித்து வந்தார். ஐம்பது நோயாளிகளிடம் கண்ட முடிவுகளை 1949-இல் பிரிட்டனின் இதய நோய் இதழ் ஒன்றில் வெளியிட்டார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் எழுதப்பட்டதை அயல்நாடு கவனிக்கவில்லை. வக்கீலின் எண்களைக் கவனித்தது. சொல்லுக்கும் எண்ணுக்கும் உள்ள வேற்றுமை அது. 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு அவரைத் தேடி வந்தது.

பின் நடந்தவை விரைவாக நடந்தன. சுவிட்சர்லாந்தில் பேசல் நகரத்துச் சீபா நிறுவனத்தில் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவர், வேரின் பிசின் பகுதியிலிருந்து, உறக்கமும் அமைதியும் தரும் பொருளை 1952-இல் பிரித்தெடுத்தனர். அதற்கு ரிசர்பின் என்று பெயர். அதே ஆண்டு பாஸ்டன் நகரத்து ராபர்ட் வில்கின்ஸ், இரத்தக் கொதிப்புக்காக இவ்வேரைப் பெற்றவர்கள் கவலை நீங்கி அமைதியாக இருப்பதைக் குறிப்பிட்டார். நியூயார்க் மாநில மனநோய் மருத்துவமனை ஒன்றில் நேதன் கிளைன் இதனைச் சோதித்து 1954-இல் அறிக்கை வெளியிட்டார். கட்டிவைக்கப்பட்டிருந்த நோயாளிகளின் கட்டுகளை அவிழ்க்க முடிந்த காலம் அது. 1952-இல் பாரிஸில் வந்த குளோர்ப்ரோமஸினும் இதுவும் சேர்ந்து, மனநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றின. கிளைனுக்கும் 1957-இல் அதே லாஸ்கர் பரிசு கிடைத்தது. 'பாகல் கீ தவா' என்ற பெயர் பொய்க்கவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அது வெற்றிக் கதை மட்டுமே. ஆனால் ஏடுகளில் வேறு செய்திகளும் ஏறத் தொடங்கின. ரிசர்பினை உண்டவர்களுக்கு மூக்கடைப்பு, வயிற்றுப் போக்கு, குடற்புண் மிகுதல், எல்லையற்ற சோர்வு ஆகியவை உண்டாயின. சிலருக்கு மனம் ஆழ்ந்த துயரத்தில் மூழ்கியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகவும் வைத்தியர்கள் எழுதினர். மருந்துக்கும் துயரத்துக்கும் உள்ள தொடர்பு முதலில் எண்ணியது போல அத்துணை உறுதியானதன்று என்று பின்னாளில் ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ஆயினும் மனத்தளர்ச்சி உள்ளவருக்கு ரிசர்பின் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கை நிலைத்துவிட்டது.

ஏன் இப்படி என்ற வினா அறிவியலுக்கே ஒரு புதிய வாயிலைத் திறந்தது. அமெரிக்காவில் பெர்னார்டு பிராடியின் குழுவினர் 1955-இல், ரிசர்பின் மூளையில் உள்ள செரடோனின் என்னும் பொருளின் சேமிப்பை வெறுமையாக்குகிறது என்று கண்டனர். சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் 1957-இல் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். அவை அசைவற்றுப் படுத்தன. எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. மூளையில் டோபமீன் என்னும் பொருளின் பங்கை விளக்கிய அந்த ஆராய்ச்சி, நடுக்குவாதத்துக்கு மருந்து காண வழி வகுத்தது. கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. அசைவற்றுப் படுத்திருந்த அம்முயல்களை உறங்குவதாக எண்ணியிருப்பவர் எத்தனை பேர்! உறக்கத்தின் தோற்றமும் உறக்கமும் ஒன்றல்ல. பீகார்க் குழந்தையின் அமைதியைப் பற்றி நாம் கேட்காமல் விட்ட வினாவுக்கு அம்முயல்கள் ஒருவாறு விடை கூறின.

இவ்வளவும் கேட்டபின், வேரை விட்டு ஆய்வுக்கூடத்து மருந்தை நம்பினால் போதுமே என்று சிலர் எண்ணலாம். சரித்திரம் அதற்கும் இடம் தரவில்லை. எமில் ஃபிஷரும் மேரிங்கும் 1903-இல் உலகிற்கு அளித்த வெரோனல், கசப்பும் நாற்றமும் உடைய பழைய மருந்துகளுக்கு மாற்றாகப் போற்றப்பட்டது. பழக்கத்துக்கு அடிமையாக்குவதிலும், அளவு மிஞ்சினால் உயிரைப் பறிப்பதிலும் அதுவும் அதன் இனத்து மருந்துகளும் பெயர் பெற்றன. அந்த அச்சத்தைப் போக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்டு, 1957 அக்டோபர் 1 அன்று மேற்கு ஜெர்மனியின் கடைகளுக்கு வந்தது தாலிடமைடு. மிகுதியாக உண்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்றனர். ஆகவே சீட்டின்றியே விற்றனர். கருவுற்ற பெண்கள் உறக்கத்துக்காகவும் காலை மசக்கைக்காகவும் அதனை உண்டனர். கைகளும் கால்களும் வளராத குழந்தைகள் பிறந்தன. ஹாம்பர்க் நகரத்து விடுகிண்ட் லென்ஸ் உண்மையை வெளிப்படுத்தியபின், 1961 நவம்பர் இறுதியில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழப் பத்தாயிரம் என்று கணக்கிடுகின்றனர். அமெரிக்காவில் அது பரவாமல் நின்றதற்குக் காரணம், பிரான்ஸிஸ் கெல்ஸி என்னும் அரசாங்க அலுவலர் போதிய சான்று இல்லை என்று சொல்லி அனுமதிக் காகிதத்தில் கையெழுத்திட மறுத்ததே. நிறுவனத்தார் பன்முறை நெருக்கியும் அவர் இணங்கவில்லை. ஓர் அலுவலகத்தில் காகிதத்தோடு வாழ்நாளைக் கழிப்பவர்களுக்கு இதைவிடப் பெருமை தரும் வரலாறு வேறு இல்லை.

ஆகவே கோடு இயற்கைக்கும் செயற்கைக்கும் இடையே இல்லை. சோதித்ததற்கும் சோதிக்காததற்கும் இடையே இருக்கிறது. இந்தக் கோடு இன்றும் மறைந்துவிடவில்லை. இருளில் நம் மூளையே சுரக்கும் மெலடோனின் என்னும் பொருளை ஆரன் லெர்னர் 1958-இல் கண்டறிந்தார். அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உணவுத் துணைப்பொருள்களுக்குத் தனி விதி வந்தது. அதன்கீழ் இது சீட்டின்றி விற்கப்படுகிறது. கனடாவில் கடைகளில் விற்ற முப்பத்தொரு வகை மெலடோனின் பொருள்களைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2017-இல் வெளியாயிற்று. சீட்டில் எழுதிய அளவுக்கு 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு; 478 சதவீதம் மிகுதியாக இருந்ததும் உண்டு. எட்டு வகைகளில், சீட்டில் குறிப்பிடாத செரடோனின் கலந்திருந்தது. உறக்கத்தை நாடிய மனிதன் எதை வாங்கினான் என்பது விற்றவனுக்கும் தெரியாது; வாங்கியவனுக்கும் தெரியாது.

நம் நாட்டில் ஆயுர்வேத, யூனானி மருந்துகளின் தயாரிப்பும் சட்டத்தின் பார்வைக்குள் வந்தது 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே. சர்ப்பகந்தியின் வாழ்வோ வேறு வழியில் இடருற்றது. உலகம் வேரை வேண்டியபோது காட்டில் செடிகளை வேரோடு பிடுங்கினர். வேரைப் பறித்தபின் செடி ஏது? அழியும் நிலைக்கு அஞ்சி, அனைத்துலக வணிக ஒப்பந்தம் ஒன்றின் பாதுகாப்புப் பட்டியலில் இது 1990-இல் சேர்க்கப்பட்டது. ஒரு மக்கள் கூட்டத்தின் உறக்கத் தேவை ஒரு காட்டுச் செடியின் வாழ்வையும் தொடுகிறது.

தன் ஊரையும் உறவையும் விட்டுத் தொலைவில் வாழ்பவனுக்கு உறக்கமின்மை புதிதன்று. இரவு வேலை, ஓயாத சந்தடி, ஊரிலிருந்து வர வேண்டிய கடிதம், தீராத கடன் ஆகியவை கண்களை மூட விடுவதில்லை. அந்நிலையில் கடைக்காரர் நீட்டும் புட்டி நண்பனைப் போலத் தோன்றும். நம் முன்னோர் சொல்லிவைத்த ஒரு மொழி அப்போது துணை செய்யும்: விருந்தும் மருந்தும் மூன்று நாள். சில நாள் உறக்கமின்மை தானே தீரும். வாரக்கணக்கில் நீண்டால் அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய செய்தி. அதற்கு மருந்தைவிட முதலில் கொடுக்கத் தக்கது, படுக்கும் முறையையும் எண்ணும் முறையையும் திருத்தும் பயிற்சியே என்று அமெரிக்க வைத்தியர் சங்கம் ஒன்று 2016-இல் பரிந்துரைத்தது.

சர்ப்பகந்தி பொய் சொல்லவில்லை. அது உறக்கத்தைத் தந்தது. பித்தரின் கட்டுகளை அவிழ்த்தது. இரத்தக் கொதிப்பைத் தணித்தது. அது தந்ததை எல்லாம் அறிந்துகொள்ள, டில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பலர் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. புட்டியின் மேல் உள்ள ஒற்றைச் சொல்லைப் படித்துவிட்டு வாங்குபவர், அவ்வுழைப்பின் பயனை வாங்காமல் விட்டுவிடுகிறார். 'இது இயற்கையானதா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'இதை யார், எப்படிச் சோதித்தார்கள்?' என்றும் கடையிலேயே ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. விடை கிடைக்காத இடத்தில் பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொள்வதும் ஒரு நல்ல மருந்தே.